மரமாவு அரவையில் ஈரத்தின் பங்கு

மரமாவும் ரம்பத்தூளும் ஒன்றல்ல. ரம்பத்தூள் மரம் அறுக்கும்போது தானாகக் கொட்டுவது. அதன் துகள்கள் பல அளவுகளில் கலந்து கிடக்கும். மரமாவு வேண்டுமென்றே அரைத்து, சலித்து, அளவு வாரியாகப் பிரித்து விற்கப்படுவது. 20 மெஷ் சல்லடையில், அதாவது 0.85 மில்லிமீட்டர் கண்ணில், இறங்கும் துகளிலிருந்து இதன் கணக்கு தொடங்குகிறது. சந்தையில் அதிகம் புழங்குபவை 40 முதல் 100 மெஷ் வரையிலான தரங்கள். 100 மெஷ் என்பது சுமார் 150 மைக்ரான். 19ஆம் நூற்றாண்டில் லினோலியத் தரைவிரிப்புக்கும், பின்னர் டைனமைட்டில் நைட்ரோகிளிசரினை உறிஞ்சி வைக்கவும் இந்த மாவு பயன்பட்டது. லியோ பேக்லண்ட் 1909இல் உலகுக்கு அறிவித்த பேக்கலைட் தனியாக வார்த்தால் எளிதில் உடையும் பிசின். மரமாவைச் சேர்த்த பிறகே அது தொலைபேசிக்கும் மின்சுவிட்சுக்கும் ஏற்ற பொருளாயிற்று. இன்று மரமும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகைகள், ஊதுவத்தி, கொசுவத்திச் சுருள் எனப் பல தொழில்கள் இதை நம்பியிருக்கின்றன.

மரம் எந்த இனம், அரவை எந்திரம் எந்த வகை, சல்லடைக் கண் எவ்வளவு என்பவை மாவின் தரத்தை முடிவுசெய்வது உண்மைதான். ஆனால் அதே மரத்தை, அதே எந்திரத்தில், அதே சல்லடை போட்டு அரைத்தாலும், மரத்திலுள்ள நீரின் அளவு மாறினால் மின்செலவு, உற்பத்தி வேகம், துகளின் வடிவம், தீ அபாயம் ஆகிய அனைத்தும் மாறிவிடுகின்றன. மரம் எவ்வளவு எளிதில் உடைகிறது என்பதை மட்டுமல்ல, எந்த விதமாக உடைகிறது என்பதையும் நீர் தீர்மானிக்கிறது. அரவைத் தொழிலின் மற்றக் கணக்குகள் பலவும் இதிலிருந்தே பிறக்கின்றன.

மரத்தில் நீர் இரண்டு இடங்களில் தங்குகிறது. செல்களின் உட்குழிவில் திரவமாகத் தேங்கி நிற்பது ஒன்று. இது கட்டற்ற நீர். செல்சுவரின் உள்ளேயே, செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ் மூலக்கூறுகளின் ஹைட்ராக்சில் தொகுதிகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிக்கொண்டிருப்பது மற்றொன்று. இது பிணைந்த நீர். ஈரமரம் உலரத் தொடங்கும்போது முதலில் வெளியேறுவது கட்டற்ற நீர். அது முழுவதும் தீர்ந்து, செல்சுவர் மட்டும் நீரால் நிறைந்திருக்கும் கட்டத்தை இழைச் செறிவுநிலை என்பர். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய ஹாரி டொனால்ட் டீமன் 1906இல் இந்த எல்லையைத் தெளிவாக வரையறுத்தார். பெரும்பாலான மரங்களில் இது உலர்ந்த மரத்தின் எடையில் 28 முதல் 30% வரை அமைகிறது. இந்த எல்லைக்கு மேல் எவ்வளவு நீர் கூடினாலும் மரத்தின் வலிமையில் பெரிய மாற்றம் இல்லை. எல்லைக்குக் கீழே ஒவ்வொரு விழுக்காடு நீரும் கணக்கில் வருகிறது.

விழுக்காட்டைச் சொல்லும் முறையில் ஒரு குழப்பம் உண்டு. இதனால் வணிகத்தில் பணம் விரயமாவதும் உண்டு. மர ஆய்வாளர்கள் நீரின் எடையை முற்றிலும் உலர்ந்த மரத்தின் எடையால் வகுப்பார்கள். எரிபொருள், காகிதத் துறையினர் நீரும் மரமும் சேர்ந்த மொத்த எடையால் வகுப்பார்கள். பாதி நீரும் பாதி மரமுமான குவியலில் ஈரம் முதல் கணக்குப்படி 100%, இரண்டாம் கணக்குப்படி 50%. உலர்ந்த நிலையில் இந்த வேறுபாடு சுருங்கிவிடுகிறது: மொத்த எடையில் 10% என்பது உலர் எடையில் 11% மட்டுமே. இனி வரும் எண்கள், வேறாகக் குறிப்பிடாதவிடத்து, உலர் எடையின் அடிப்படையிலானவை.

உலர்ந்த மரம் ஈரமரத்தைவிட வலிமையானது. அப்படியிருக்க, உலர்ந்த மரத்தை அரைப்பது எப்படி எளிதாகிறது? லாப்லாலி பைன் மரத்தின் அளவீடுகள் இதை விளக்கப் போதும். பச்சையாக இருக்கும்போது இழையின் போக்கில் அழுத்தினால் அது தாங்குவது சுமார் 24 மெகாபாஸ்கல். 12% ஈரத்துக்கு உலர்ந்தபின் 49 மெகாபாஸ்கல். ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் எடையை மேலிருந்து விழவிட்டு முறிக்கும் தாக்குதல் சோதனையில் மரம் முறியும் உயரம் இரண்டு நிலையிலும் அதே 760 மில்லிமீட்டர்தான். வெள்ளை ஓக் மரத்தில் அழுத்த வலிமை 24.5இலிருந்து 51 மெகாபாஸ்கலாக உயர்கிறது. தாக்குதல் உயரமோ 1070 மில்லிமீட்டரிலிருந்து 940 ஆகக் குறைகிறது.

எனவே, வலிமை என்பதும் உடைக்கத் தேவையான ஆற்றல் என்பதும் வெவ்வேறு. ஈரமரம் குறைந்த விசைக்கே வளையத் தொடங்கும். ஆனால் உடைவதற்கு முன் நெடுநேரம் வளைந்தும் நசுங்கியும் ஆற்றலை விழுங்கிக்கொண்டே இருக்கும். உலர்ந்த மரம் அதிக விசையைத் தாங்கும். எல்லை தாண்டியதும் சட்டென்று முறியும், விரிசல் வேகமாக ஓடும். அரவை எந்திரம் விசைக்குப் பஞ்சமில்லாதது. ஹேமர் மில்லின் சுத்தியல் நுனிகள் நொடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் மோதுகின்றன. அங்கே செலவை நிர்ணயிப்பது ஒரு துகள் பிளவுபடும் முன் உள்வாங்கும் ஆற்றலே. மிளகாய் வற்றலை வெயிலில் சலசலக்கக் காயவைத்த பிறகே மாவு மில்லுக்கு எடுத்துச் செல்லும் வழக்கத்துக்கும் இதே காரணம்தான்.

மூலக்கூறு மட்டத்தில் நடப்பதையும் பார்க்க வேண்டும். செல்சுவரில் செல்லுலோஸ் நுண்ணிழைகள் ஹெமிசெல்லுலோஸும் லிக்னினும் கலந்த பிசின் போன்ற ஊடகத்தில் பதிந்திருக்கின்றன. அந்த ஊடகம் குளிர்ந்தும் உலர்ந்தும் இருக்கையில் கண்ணாடி போல் விறைத்திருக்கிறது. ஒரு வெப்பநிலையைத் தாண்டியதும் இளகி ரப்பர் தன்மை பெறுகிறது. நீர் மூலக்கூறுகள் சங்கிலிகளுக்கிடையே புகுந்து அவற்றின் பிடியைத் தளர்த்துவதால் இந்த இளகும் வெப்பநிலை வெகுவாக இறங்குகிறது. உலர்ந்த லிக்னின் 130 பாகை செல்சியசுக்கு மேல்தான் இளகும். நீரில் ஊறிய லிக்னின் 70 முதல் 90 பாகையிலேயே இளகிவிடும். ஹெமிசெல்லுலோஸ் இதைவிடக் கூடுதலாக நீரை நாடுவது. போதிய ஈரம் சேர்ந்தால் அறை வெப்பத்திலேயே மென்மையாகிவிடுகிறது. அரவைக் கலத்தின் உள்ளே வெப்பம் எளிதில் 60, 70 பாகையை எட்டும். ஆக, 20% ஈரமுள்ள மரத்தை அரைப்பவர் இளகிய மரத்தை அடித்துக்கொண்டிருக்கிறார். 6% ஈரமுள்ள மரத்தை அரைப்பவர் விறைத்த மரத்தை உடைக்கிறார்.

மாவு நுண்மையாக நுண்மையாக இந்த வேறுபாடு பெருகுகிறது. பைன் போன்ற ஊசியிலை மரங்களின் செல்கள் 3 முதல் 4 மில்லிமீட்டர் நீளமும், ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு அகலமும் உள்ள குழாய்கள். அகன்ற இலை மரங்களின் இழைகள் சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ளவை. மரத்தை ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக உடைக்கும்வரை விரிசல் பெரும்பாலும் இழைகளின் போக்கிலேயே ஓடலாம். அது மலிவான பிளவு. 150 மைக்ரானுக்கு இறங்க வேண்டுமானால் ஒவ்வோர் இழையையும் குறுக்கே பலமுறை முறித்தாக வேண்டும். குறுக்கு முறிவுக்குத் தேவைப்படும் ஆற்றல் நெடுக்குப் பிளவைவிடப் பல மடங்கு. உலர்ந்த செல்சுவர் இந்தக் குறுக்கு முறிவுக்கு இடம் கொடுக்கிறது. ஈரமான செல்சுவர் கொடுப்பதில்லை. அது நார் நாராகப் பிரிந்து, நீளம் குறையாமல் மெலிந்துகொண்டே போகிறது. ஈரத்துடன் அரைத்த மாவை உருப்பெருக்கியில் பார்த்தால் பிய்ந்த முனைகளும் சிறு சிம்புகளும் தெரியும். உலர்த்தி அரைத்த மாவில் முனை மழுங்கிய குட்டைத் துகள்கள் தெரியும். ஆஸ்திரியச் சுரங்கப் பொறியாளர் பீட்டர் ரிட்டிங்கர் 1867இல் சொன்ன விதி, அரவைக்கான ஆற்றல் புதிதாக உண்டாகும் பரப்புக்கு ஏற்ப உயரும் என்பது. கனிமங்களுக்காக எழுதப்பட்ட அந்த விதி மரத்துக்கு அப்படியே பொருந்தாது. கனிமத்துக்கு இழைப்போக்கு கிடையாது. அதன் உடையும் இயல்பு ஈரத்தால் இவ்வளவு மாறுவதும் இல்லை.

உடைந்த துகள் கலத்தைவிட்டு வெளியேறுவது அடுத்த சிக்கல். சுத்தியலைச் சுற்றியிருக்கும் சல்லடையில் நீண்ட நார்த்துகள்கள் குறுக்காகச் சிக்குகின்றன. ஈரமான நுண்தூள் அவற்றின் மேல் அப்பிக் கண்ணை அடைக்கிறது. இரு துகள்களுக்கிடையே நிற்கும் நீர்ப்பாலத்தின் இழுவிசை துகளின் விட்டத்துக்கு நேர்விகிதத்தில் மாறுகிறது; துகளின் எடையோ விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. ஒரு மில்லிமீட்டர் துகளை 100 மைக்ரானாக்கினால், எடையோடு ஒப்பிட ஒட்டும் விசை நூறு மடங்கு ஓங்குகிறது. கரடுமுரடான தூளில் தொல்லை தராத ஈரம் நுண்மாவில் கட்டி கட்டியாகத் திரள்வதற்கு இதுவே காரணம். சல்லடை அடைபட்டதும், ஏற்கெனவே போதிய அளவு நுண்மையான துகள்களும் வெளியேற வழியின்றி மீண்டும் மீண்டும் அடிபடுகின்றன. மோட்டார் இழுக்கும் மின்சாரம் ஏறுகிறது. வெளிவரும் மாவு குறைகிறது.

அரவையில் செலவாகும் மின்சாரத்தில் மிகச் சிறு பகுதியே புதிய பரப்பை உருவாக்குகிறது. மீதி அத்தனையும் வெப்பமாகிறது. ஒரு டன் மாவுக்கு 100 யூனிட் செலவானால் அது 360 மெகாஜூல் வெப்பம். கோட்பாட்டளவில் 150 கிலோ நீரை ஆவியாக்கப் போதுமானது. ஈரமரத்தை நேராக அரவையில் போடும் ஆலை, உண்மையில் மின்சாரத்தைக் கொண்டு மரத்தை உலர்த்துகிறது. உலர்த்தும் வழிகளிலேயே இதுதான் விலை உயர்ந்தது. எழும் நீராவியும் அங்கேயே நின்றுவிடுவதில்லை. காற்றோடு குழாயில் போய், குளிர்ந்த உலோகச் சுவரிலும், மாவைக் காற்றிலிருந்து பிரிக்கும் சைக்ளோனிலும் பை வடிகட்டியின் துணியிலும் மீண்டும் நீராகப் படிகிறது. அதில் மாவு ஒட்டிக் களிம்பாகிக் காய்ந்து இறுகுகிறது. மழைக்காலத்தில் வடிகட்டிப் பைகள் அடைபட்டு ஆலை நிற்பதற்கு இது முக்கியக் காரணம். நுண்மாவு ஆலைகள் அரவைக் கலத்தின் ஊடாக நிறையக் காற்றை ஓட்டுவது மாவை ஏந்திச் செல்ல மட்டுமன்று. ஈரத்தையும் சூட்டையும் அப்புறப்படுத்தவும்தான்.

அப்படியானால் முன்கூட்டியே உலர்த்துவதே வழி. அதன் விலையும் சிறியதல்ல. பாதிக்குப் பாதி நீருள்ள பச்சை மரச்சீவல் இரண்டு டன்னில் ஒரு டன் மரம், ஒரு டன் நீர். அதை மொத்த எடையில் 10% ஈரத்துக்குக் கொண்டுவர 889 கிலோ நீரை ஆவியாக்க வேண்டும். இழப்பே இல்லாத உலர்த்தியிலும் இதற்கு 550 யூனிட்டுக்குச் சமமான வெப்பம் தேவை. நடைமுறையில் கூடுதலாகவே ஆகும். ஒரு டன் உலர்மரத்தை எரித்தால் கிடைக்கும் வெப்பத்தில் இது பத்தில் ஒரு பங்குக்கு மேல். ஆகவே ஆலைகள் மரப்பட்டையையும் உதவாத துண்டுகளையும் எரித்தே இந்த வெப்பத்தைப் பெறுகின்றன. இதைவிட மேலான வழி, உலர்த்தும் செலவை வேறொருவர் ஏற்கெனவே செய்துவிட்ட மரத்தை வாங்குவது. கதவு, ஜன்னல், அறைகலன் செய்யும் பட்டறைகளில் இழைப்புளியில் விழும் சுருள்கள் சூளையில் உலர்த்திய மரத்திலிருந்து வருபவை. அவற்றின் ஈரம் பெரும்பாலும் 8 முதல் 12% வரை. மரமாவு ஆலைகள் பச்சை ரம்பத்தூளைவிட இந்தச் சுருளுக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் முழு நியாயம் இருக்கிறது.

எவ்வளவு தூரம் உலர்த்தலாம் என்பதற்கும் எல்லை உண்டு. செல்சுவரில் கடைசியாக நிற்கும் 5% அளவிலான நீர், சுவரின் மூலக்கூறுகளோடு நேரடியாகப் பிணைந்திருப்பது. அதை அகற்ற வெப்பமும் நேரமும் கூடுதலாகத் தேவை. அதற்கு ஈடான ஆதாயம் அரவையில் கிடைப்பதில்லை. மரம் மிக உலர்ந்தால் தேவைக்கு மேல் நொறுங்கி, கேட்காத நுண்தூசியாகவும் போகிறது. மேலும், இழைச் செறிவுநிலையிலிருந்து முற்றுலர்ந்த நிலைக்கு வரும்போது மரத்தின் மின்தடைமை பல நூறு கோடி மடங்கு ஏறுகிறது. ஈரம் அளக்கும் மின்கருவிகள் இயங்குவதே இந்தப் பண்பை நம்பித்தான். அதே பண்பால் மிக உலர்ந்த மாவு உராய்வில் பெறும் நிலைமின்னைக் கசியவிடாமல் வைத்துக்கொள்கிறது. குழாயிலும் சல்லடையிலும் ஒட்டுகிறது, சில வேளைகளில் பொறியும் தெறிக்கிறது.

இங்கேதான் ஈரம் உயிர் சார்ந்த விஷயமாகிறது. காற்றில் பரவிய நுண்ணிய மரத்தூசி கன மீட்டருக்குச் சில பத்து கிராம் அளவில் இருந்தாலே வெடிக்கக் கூடியது. ஈரமான தூசியில் தீயின் வெப்பம் நீரை ஆவியாக்குவதில் செலவாகும், துகள்களும் திரண்டு கீழே படியும். உலர்ந்த தூசியில் இந்த இரு தடைகளும் இல்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2012ஆம் ஆண்டு ஜனவரியில் பர்ன்ஸ் லேக் ஊரிலும், ஏப்ரலில் பிரின்ஸ் ஜார்ஜ் நகரிலும் மர அறுவை ஆலைகள் தூசி வெடிப்பில் அழிந்தன. ஆலைக்கு இருவராக நான்கு தொழிலாளர்கள் இறந்தனர். அந்த ஆலைகள் அறுத்துவந்தது பைன் வண்டு தாக்கிக் காட்டிலேயே பட்டுப்போன மரம். நின்ற நிலையிலேயே உலர்ந்த அந்த மரம், பச்சை மரத்தைவிட நுண்ணிய, வறண்ட தூசியைக் கொட்டியது. பச்சை மரத்துக்காகக் கட்டப்பட்ட ஆலைகளின் தூசி அகற்றும் ஏற்பாடுகள் அதற்குப் போதவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, 2015 ஜூலை 17 அன்று இங்கிலாந்தின் செஷையர் பகுதியில் பாஸ்லி என்ற சிற்றூரில் மரமாவு ஆலை ஒன்றே வெடித்துத் தரைமட்டமாயிற்று; அங்கும் நான்கு பேர் மாண்டனர். அரவைக்கு ஏற்ற உலர்வும் வெடிப்புக்கு ஏற்ற உலர்வும் ஒன்றே. ஆகையால் ஈரத்தைக் கூட்டிப் பாதுகாப்புத் தேட முடியாது. தூசியைத் தேங்கவிடாமல் நாள்தோறும் அகற்றுவது, பொறி உணரும் கருவி, வெடிப்பழுத்தத்தை வெளிவிடும் கதவுகள் ஆகியவை உலர் அரவையின் பிரிக்க முடியாத செலவுகள். இவற்றைச் சேர்க்காமல் உலர் அரவை மலிவு என்று காட்டும் எந்தக் கணக்கும் பொய்க்கணக்கு.

இந்த இருபுற நெருக்கடிக்கு இடையில் நுண்மாவு அரவைக்குப் பொதுவாக 5 முதல் 10% வரையிலான ஈரம் ஏற்றது எனக் கொள்ளலாம். கரடான முதல் உடைப்புக்கு 15% வரை பொறுக்கலாம். அடுத்தடுத்த கட்டங்களில் அரவைச் சூடே இரண்டொரு விழுக்காட்டைக் குறைத்துவிடும். ஆனால் மரம் காற்றோடு ஓயாமல் நீரைப் பரிமாறிக்கொள்வது. காற்றின் ஈரப்பதம் 30% ஆக உள்ள இடத்தில் மரம் சுமார் 6% ஈரத்தில் நிலைகொள்ளும். 65% காற்றில் சுமார் 12%, 80% காற்றில் சுமார் 16%. சென்னை போன்ற கடலோர ஊர்களில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், கூரைக்குக் கீழே எவ்வளவு நாள் போட்டு வைத்தாலும் மரம் 10 விழுக்காட்டுக்கு இறங்காது, சூளை தேவை. உலர்த்திய மரத்தையும் உடனே அரைக்க வேண்டும். அரைத்த மாவை மூடி வைக்க வேண்டும்; பரப்பு பெருகிவிட்டதால் பலகை பல வாரங்களில் உறிஞ்சும் ஈரத்தை, பரப்பிவைத்த மாவு சில மணி நேரத்தில் உறிஞ்சிவிடும்.

மாவை வாங்குபவரின் தேவை இன்னும் கடுமையாக இருக்கலாம். மரமும் பிளாஸ்டிக்கும் கலந்த பொருள்கள் 170 முதல் 200 பாகை வெப்பத்தில் எக்ஸ்ட்ரூடரில் வார்க்கப்படுகின்றன. மொத்த எடையில் 8% ஈரமுள்ள ஒரு கிலோ மாவில் 80 கிராம் நீர் இருக்கிறது. அது ஆவியானால் சாதாரண அழுத்தத்தில் 130 லிட்டருக்கு மேல் பரவும். உருகிய பிளாஸ்டிக்குக்குள் இந்த ஆவி குமிழிகளாகி, பலகையைப் பொள்ளலாக்கிவிடும். ஆதலால் கலப்பதற்கு முன் மாவு 1 விழுக்காட்டுக்கும் கீழே உலர்த்தப்படுகிறது, அல்லது எந்திரத்திலேயே ஆவிப்போக்கி வைக்கப்படுகிறது. இந்த இறுதி உலர்த்தலை அரவைக்குப் பிறகு வைப்பதே சரி. மாவு நிலையில் நீர் விரைவில் வெளியேறும். அரவைக் கலமும் ஆபத்தான வறட்சியில் இயங்க வேண்டியதில்லை.

நீரை எதிரியாக அல்லாமல் துணையாகக் கொள்ளும் அரவையும் உண்டு. அதன் நோக்கம் வேறு. 1840களில் ஜெர்மனியில் ஃபிரீட்ரிக் கோட்லோப் கெல்லர் ஈரமரத்தைச் சுழலும் கல்லில் நீர் ஊற்றித் தேய்த்து, காகிதத்துக்கான கூழை எடுத்தார். பின்னாளில் வந்த வெப்ப எந்திரக் கூழ் முறை, நீராவியால் 100 பாகைக்கு மேல் சூடேற்றி லிக்னினை இளக்கி, இழைகளை முறியாமல் பிரித்தெடுக்கிறது. காகிதத்துக்கு நீண்ட இழை வேண்டும், மாவுக்கு முறிந்த இழை வேண்டும். ஒன்றுக்கு உகந்த ஈரம் மற்றொன்றுக்குக் கேடு. ஆய்வகத்தில் லிக்னினைப் பிரிக்க மரத்தை மிக மிக நுண்மையாக அரைக்க விரும்பிய ஸ்வீடன் வேதியியலர் ஆன்டர்ஸ் பியோர்க்மன், 1956இல் வெளியிட்ட முறையில் நீருக்குப் பதிலாக டொலுவீனைப் பயன்படுத்தினார். அது மரத்தை உப்பவைக்காத திரவம். உலர் நிலையில் குண்டுகளால் நெடுநேரம் அரைத்தால் செல்லுலோஸின் படிக ஒழுங்கே குலைந்துவிடுகிறது. நீர் உடனிருந்தால் அந்த ஒழுங்கு பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

உலர்த்துவதையும் தாண்டி, காற்றில்லாத கலத்தில் மரத்தை 200 முதல் 300 பாகை வரை வறுக்கும் டாரிஃபாக்ஷன் முறை, நீரைப் பிடித்துவைக்கும் ஹெமிசெல்லுலோஸையே சிதைக்கிறது. நெதர்லாந்தின் எரிசக்தி ஆய்வு மையம் 2000களில் செய்த ஆய்வுகளில், இப்படி வறுத்த மரத்தை அரைக்கும் மின்செலவு 70 முதல் 90% வரை குறைந்தது. வறுத்த மரம் மழைக்காலக் காற்றிலும் அதிகம் ஈரம் ஏற்காது. ஆனால் நிறம் கருத்து, இழையின் வலிமையும் போய்விடுவதால் இது நிலக்கரியோடு சேர்த்து எரிக்கும் தூளுக்கு ஏற்றது. நிரப்பியாகப் பயன்படும் வெளிர்நிற மாவுக்கு ஏற்றதல்ல.

எந்த முறையானாலும் ஈரத்தை அளப்பதில் கவனம் வேண்டும். அடுப்பில் 103 பாகையில் எடை மாறாத நிலைவரை உலர்த்தி நிறுப்பதே அடிப்படை முறை. பிசினும் எண்ணெயும் மிகுந்த மரங்களில் நீரோடு ஆவியாகும் பொருள்களும் வெளியேறுவதால் ஈரம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். சல்லடைச் சோதனையும் ஈரத்துக்குக் கட்டுப்பட்டது: ஈரமாவு திரண்டு கண்ணில் நிற்பதால் உண்மையைவிடக் கரடாகத் தோன்றும், மிக உலர்ந்த மாவும் நிலைமின்னால் சல்லடையில் ஒட்டி அதே பிழையைத் தரும். எனவே மாவின் மெஷ் எண்ணோடு, அது சலிக்கப்பட்டபோது இருந்த ஈரத்தையும், அந்த ஈரம் எந்தக் கணக்கில் சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்துக் குறித்தால்தான் இரண்டு ஆலைகளின் மாவை ஒப்பிட முடியும்.